தெருப்பெயர்களில் வாழும் கொழும்பு

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



நமது பழந்தமிழ்ப் புலவர்கள் நகரத்தைப் பாடியபோது அரண்மனையோடு நின்றுவிடவில்லை. சிலப்பதிகாரத்திலே புகார் நகரைக் காட்டவந்த இளங்கோவடிகள், மருவூர்ப்பாக்கத்துத் தெருக்களில் நம்மை நடக்கவிடுகிறார். யவனர் இருக்கையும், வேற்றுமொழி பேசும் வணிகர் கலந்துறையும் கடற்கரையும், உப்பு விற்போரும் மீன் விற்போரும், பொற்கொல்லரும் தையற்காரரும் அங்கே வரிசையாக வருகிறார்கள். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிலே பகற்சந்தையாகிய நாளங்காடியையும் இரவுச் சந்தையாகிய அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுகிறார். மாலை தொடுப்போரும் சங்கு அறுப்போரும் அந்தப் பாட்டிலே மன்னனுக்குப் பக்கத்தில் இடம்பிடித்துக்கொண்டார்கள். தெருவிலே நடப்பதைக் கூர்ந்து பார்ப்பதும் ஓர் இலக்கியப் பயிற்சியே என்பதற்கு இவற்றைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தப் பயிற்சியை நாம் வாழும் பெருநகராகிய கொழும்பிலே செய்துபார்த்தால் என்ன கிடைக்கும் என்பதே இன்றைய உரையின் பொருள். நூல்நிலையத்துக்குப் போகவேண்டிய அவசியம் உடனடியாக இல்லை. பஸ் வண்டியின் யன்னலோர ஆசனம் ஒன்று கிடைத்தால் போதும். நடத்துனர் கூவுகின்ற இடப்பெயர்களைக் காதிலே வாங்கிக்கொண்டால் பாதி வரலாறு கைக்கு வந்துவிடும்.

"கோட்டை, கோட்டை" என்று நாள்முழுவதும் கூவி ஆட்களை ஏற்றுகிறார்கள். அந்தக் கோட்டை எங்கே இருக்கிறது? போர்த்துக்கேயர் கட்டி, 1656ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கைப்பற்றி, 1796ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்கு மாறிய அந்தக் கோட்டையின் மதில்கள், 1869ஆம் ஆண்டிலே தொடங்கி இரண்டொரு ஆண்டுகளுக்குள் இடிக்கப்பட்டுவிட்டன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இல்லாத ஒரு கோட்டைக்கு நாம் இன்றும் பயணச்சீட்டு வாங்குகிறோம். மதிலை இடித்தவர்களால் பெயரை இடிக்க முடியவில்லை. அதை அடுத்து நிற்கும் 'புறக்கோட்டை' என்ற பெயரோ இன்னும் துல்லியமானது. கோட்டைக்குப் புறத்தே இருந்த குடியிருப்பு என்று, நகரத்தின் பழைய வரைபடத்தையே ஒரு சொல்லில் அது வரைந்து காட்டிவிடுகிறது.

இந்த இடத்தை ஆங்கிலத்திலே 'பெட்டா' என்பார்கள். அது ஆங்கிலச் சொல்லா என்றால் இல்லை. நமது 'பேட்டை'தான் ஆங்கிலேயர் நாவிலே பெட்டாவாயிற்று. சிங்களத்திலே இதே இடம் 'பிட்ட கொட்டுவ'. பிட்ட என்றால் வெளி, கொட்டுவ என்றால் கோட்டை. அதாவது, புறக்கோட்டை என்பதன் அதே பொருள். ஒருவர் பெயரை மற்றவர் ஒலியை மாத்திரம் கேட்டு ஒப்பித்திருந்தால் இந்தப் பொருளொற்றுமை ஏற்பட்டிருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதன் பொருளை விளங்கிக்கொண்டு, அதைத் தம்முடைய மொழியிலே சொன்ன மனிதர்கள் இங்கே வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி.

இது தனித்த ஓர் எடுத்துக்காட்டு என்று நேயர்கள் எண்ணிவிடக்கூடாது. நீதிமன்றங்கள் நிறைந்த இடத்தை நாம் 'புதுக்கடை' என்கிறோம். சிங்களவர் 'அளுத்கடே' என்கிறார்கள். அளுத் என்றால் புதியது. கடே என்பது நமது கடையேதான். நாம் 'வாழைத்தோட்டம்' என்பதை அவர்கள் 'கெசெல்வத்த' என்பார்கள். நாம் 'கறுவாத்தோட்டம்' என்பது அவர்களுக்குக் 'குருந்துவத்த'. நாம் 'செட்டியார் தெரு' என்பது அவர்களுக்கு 'ஹெட்டி வீதிய'. ஒவ்வொரு சோடியிலும் பொருள் ஒன்று, மொழிதான் இரண்டு. ஆங்கிலேயர் செட்டியார் தெருவுக்கு இட்ட பெயர் கடல் தெரு என்று பொருள்படும். கப்பலில் வந்தவருக்குக் கடல் தெரிந்தது. அங்கே குடியிருந்தவர்களுக்கும் கொடுக்கல்வாங்கல் செய்தவர்களுக்கும் செட்டியார் தெரிந்தார்.

புதுக்கடையின் ஆங்கிலப் பெயரிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 'ஹல்ஸ்டொப்' என்பது, 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையிலே உயிரிழந்த ஹுல்ப்ட் என்ற ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் வந்தது. 'டோர்ப்' என்றால் ஒல்லாந்த மொழியிலே கிராமம். வென்றவர்கள் தங்கள் தளபதியை நினைவு வைத்துக்கொண்டார்கள். அங்கே அரிசி வாங்கப்போன தமிழரும் சிங்களவரும் அந்தத் தளபதியை அறியவுமில்லை, பொருட்படுத்தவுமில்லை. புதிதாக ஒரு கடைத்தொகுதி வந்திருக்கிறது என்பதே அவர்களுக்கு வேண்டிய செய்தி. ஆட்சியாளரின் நினைவு ஒருவகை, குடிமக்களின் நினைவு இன்னொருவகை. பின்னையது கல்லிலே எழுதப்படுவதில்லை. வாயிலே வாழ்கிறது.

புறக்கோட்டைக்குள் இறங்கி நடப்போம். பிரதான வீதியின் வாயிலிலே ஒரு மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. பம்பாயிலிருந்து வந்த கான் என்ற பார்சிக் குடும்பத்தார் தம் தந்தையின் நினைவாக 1923ஆம் ஆண்டு அதனை எழுப்பினார்கள். சற்று உள்ளே போனால், இரண்டாம் குறுக்குத் தெருவிலே சிவப்பும் வெள்ளையுமாக மாதுளம் பழத்தை அறுத்து வைத்தாற்போல ஒரு பள்ளிவாசல். ஜாமிஉல் அல்பார் என்பது அதன் பெயர். 1909ஆம் ஆண்டளவிலே கட்டி முடிக்கப்பட்டது. அக்காலத்தில் கொழும்புத் துறைமுகத்தை நெருங்கும் மாலுமிகள் அதன் கோபுரங்களைக் கண்டே கரையை அடையாளங் கண்டார்கள் என்பர். இன்று கடலிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. இடையிலே எத்தனையோ கட்டடங்கள் எழுந்துவிட்டன.

கோட்டையின் நடுவீதியிலே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தின் கதையும் இதுவே. 1857ஆம் ஆண்டு, தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி வரைந்த வடிவத்தில் எழுந்த கோபுரம் அது. பத்தாண்டு கழித்து அதன் உச்சியிலே கலங்கரை விளக்கும் பொருத்தப்பட்டது. சுற்றியிருந்த கட்டடங்கள் உயர்ந்து ஒளியை மறைத்தபடியால் 1952ஆம் ஆண்டோடு அந்த விளக்கு ஓய்ந்தது. இன்று அதன் கீழே வாகன நெரிசலில் நிற்கும் எத்தனை பேர், இது ஒருகாலத்திலே கப்பலுக்கு வழிகாட்டிய விளக்கு என்று நிமிர்ந்து பார்க்கிறார்கள்?

புறக்கோட்டையிலே கட்டாயம் கவனிக்கவேண்டியவர்கள் கைவண்டி தள்ளும் தொழிலாளர்கள். அவர்களை எல்லாரும் 'நாட்டாமை' என்று அழைக்கிறார்கள். சிங்களவர் வாயிலே அது 'நாட்டாமி'. தமிழ் மாணவருக்கு இந்தச் சொல் வியப்பைத் தரவேண்டும். நாட்டாண்மை என்பது ஊர்த்தலைமை. வழக்குத் தீர்த்துவைக்கும் பெரியவருக்குரிய பட்டம். அந்தப் பட்டம் கொழும்புக்கு வந்து, மிளகாய் மூடையும் வெங்காய மூடையும் சுமக்கும் மனிதனின் தோளிலே ஏறியிருக்கிறது. ஆட்களைத் திரட்டிவந்த தலைவனுக்குரிய பெயர் காலப்போக்கில் ஆட்கள் எல்லாருக்கும் ஆகியிருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. எப்படியாயினும், "நாட்டாமை, கொஞ்சம் வழிவிடுங்கோ" என்று வாகனச் சாரதி கூவும்போது, கிராமமொன்றின் முழு வாழ்வும் நகரத் தெருவிலே வந்து நிற்பதைக் காதுள்ளவர் கேட்கலாம்.

அங்கிருந்து ஐந்துலாம்புச் சந்தி. ஐந்து விளக்குகள் எரிந்த காலத்தைப் பெயரே சொல்கிறது. மின்சாரம் வீடுவீடாக வந்த பிறகும் பெயர் அணையவில்லை. அருகிலே 'கெய்மன்ஸ் கேட்' என்ற இடத்தில் பழைய மணிக்கூண்டொன்று உண்டு. கெய்மன் என்றால் ஒல்லாந்த மொழியிலே முதலை. பேரை வாவியின் நீர் கோட்டையைச் சூழ்ந்து கிடந்த காலத்தில் அங்கே முதலைகள் உலாவின. அதற்கு மேலே உயர்ந்து செல்லும் மேட்டிலே, 1749ஆம் ஆண்டு தொடங்கி 1757ஆம் ஆண்டு வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் இருக்கிறது. அவ்விடத்தின் பெயர் வுல்பெண்டால், அதாவது ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையிலே ஓநாய் ஏது? இருளிலே ஊளையிட்ட நரிகளை ஐரோப்பியர் தங்கள் நாட்டு ஓநாய் என்று கருதிவிட்டார்கள். இல்லாத மிருகத்தின் பெயர் முந்நூறு ஆண்டுகளாக நிலைத்திருக்க, ஊளையிட்ட நரியைத்தான் எவருக்கும் நினைவில்லை!

செட்டியார் தெருவிலே நகைக்கடைகளின் நடுவே பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் அருகருகே உள்ளன. ஆடிவேல் விழாவுக்கு இங்கிருந்துதான் தேர் புறப்பட்டு, காலிமுகத்திடலைக் கடந்து, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் போகும். தேர்போகும் வழியிலே கரும்பும் விளையாட்டுப் பொருளும் வாங்கவும், கற்பூரச் சட்டிக்கு முன் கைகூப்பவும் சிங்கள மக்களும் திரண்டு வருவார்கள். அதே காலி வீதியிலே, 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம், தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. புறக்கோட்டையிலும் எரிந்தன. தேர் போன தெருவும் தீ போன தெருவும் ஒன்றே என்பதைச் சொல்லாமல் இந்த நகரத்தின் கதையைச் சொல்லிவிட முடியாது.

கொச்சிக்கடைக்கு வருவோம். மலையாளக் கரையிலுள்ள கொச்சியிலிருந்து வந்தவர்கள் கடைவைத்திருந்த இடம் என்று பெயருக்கு விளக்கம் கூறுவார்கள். அங்கே பொன்னம்பல முதலியார் 1857ஆம் ஆண்டு அமைத்த சிவன் கோயிலை, அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907ஆம் ஆண்டு முதல் 1912ஆம் ஆண்டு வரை கருங்கற்றளியாக மீளக் கட்டுவித்தார். பொன்னம்பலவாணேசுவரத்தின் தூண்களை அண்ணாந்து பார்ப்பவர், தென்னிந்தியப் பெருங்கோயில் ஒன்றிலே நிற்பதாகவே உணர்வார். சற்றுத் தூரத்திலே புனித அந்தோனியார் தேவாலயம். செவ்வாய்க்கிழமைகளிலே அங்கே போய்ப் பாருங்கள். நெற்றியிலே திருநீறும் கையிலே மெழுகுதிரியுமாக நிற்பவர்களைக் காணலாம். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று அத்தேவாலயத்திலே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். ஆயினும் மெழுகுதிரி ஏற்றுவோர் வரவு நிற்கவில்லை.

இனி, பேரை வாவியைக் கடந்து கொம்பனித்தெரு. கொம்பனி என்றது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கொம்பனியை. சிங்களத்திலும் இது 'கொம்பஞ்ஞ வீதிய'தான். ஆங்கிலத்திலே நெடுங்காலம் வழங்கிய பெயரோ வேறு. 'ஸ்லேவ் ஐலண்ட்', அதாவது அடிமைத் தீவு. ஆபிரிக்கக் கரையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள், பகலிலே கோட்டைக்குள் வேலைசெய்துவிட்டு, இரவிலே வாவியைக் கடந்து இங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்டார்கள். வாவியிலே கிடந்த முதலைகள் சம்பளமில்லாத காவலாளிகள். அந்த அடிமைகளின் பெயர் எந்தத் தெருவுக்கும் இடப்படவில்லை. அவர்களுக்குப் பின் இங்கே குடியேறிய மலாய்ப் போர்வீரர்களின் நினைவாக மலே வீதியும் ஜாவா ஒழுங்கையும் ரைபிள் வீதியும் உள்ளன. அவர்கள் பணிபுரிந்த இலங்கை ரைபிள் படை 1873ஆம் ஆண்டு கலைக்கப்பட்டபோதும், அவர்களின் சந்ததியார் அந்த ஒழுங்கைகளைவிட்டுப் போகவில்லை. ஒரே ஒழுங்கையிலே பள்ளிவாசலின் பாங்கும், கோயில் மணியும், விகாரையின் பிரித் ஓசையும் கேட்கும் இடம் அது.

அந்த ஒழுங்கைகள் இப்போது சுருங்கிவருகின்றன. 2010ஆம் ஆண்டுக்குப் பின் நகர அபிவிருத்தி என்ற பெயரிலே பழைய குடியிருப்புகள் பல அகற்றப்பட்டு, அங்கிருந்தோர் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். வாவிக்கரையிலே கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கடலை நிரப்பி 269 ஹெக்டயர் புதுநிலம் உண்டாக்கியிருக்கிறார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஒழுகுகின்ற கூரையின் கீழே வாழ்வதில் பெருமை ஒன்றுமில்லை. ஆனால், ஓர் ஒழுங்கையிலே நான்கு தலைமுறையாகப் பக்கத்துப் பக்கத்துத் திண்ணைகளில் இருந்து பேசியவர்கள் வெவ்வேறு தொடர்மாடிகளின் வெவ்வேறு தட்டுகளுக்குப் போய்ச்சேரும்போது, அந்த ஒழுங்கையின் பெயரைச் சொல்வதற்கு யார் இருப்பார்கள் என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வி.

காலிமுகத்திடலிலே ஒரு கல் இருக்கிறது. ஹென்றி வார்ட் தேசாதிபதி 1859ஆம் ஆண்டு அத்திடலைச் செப்பனிட்டு முடித்து, கொழும்பு நகரின் பெண்களினதும் சிறுவர்களினதும் நன்மைக்காகப் பின்வருவோர் இதனைப் பேணவேண்டும் என்று அதிலே பொறித்துவைத்தார். நல்ல வேண்டுகோள்தான். அதே திடலிலே 1956ஆம் ஆண்டு ஜூன் மாதம், தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் தாக்கப்பட்டார்கள். 2022ஆம் ஆண்டு அதே திடலிலே சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கூடாரமடித்து மாதக்கணக்கிலே இருந்து ஆட்சியாளரைக் கேள்வி கேட்டார்கள். இந்த இரண்டையும் அந்தக் கல் சொல்லாது. இறால்வடையும் கடலையும் விற்கும் முதியவரைக் கேட்டால் ஒருவேளை சொல்லக்கூடும்.

நேயர்களே, பெயர்களைப் போலவே நமது அன்றாடப் பேச்சும் ஒரு பழைய கட்டடந்தான். காலையிலே பாண் வாங்குகிறோம். கதிரையிலே இருந்து மேசையிலே வைத்துச் சாப்பிடுகிறோம். துவாயாலே முகம் துடைத்து, அலுமாரியைத் திறந்து உடுப்பெடுத்து, சப்பாத்து அணிகிறோம். இத்தனையும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். பிறகு கந்தோருக்குப் போய் லாச்சியைத் திறக்கிறோம். இரண்டும் ஒல்லாந்தருடையவை. மத்தியானக் கறியிலே போஞ்சி இருந்தால் அதுவும் அவர்களுடையதே. கோட்டையை ஆண்டவர்கள் போய்விட்டார்கள். அவர்களின் சொற்கள் நமது சமையலறையிலே குடியுரிமை பெற்றுவிட்டன.

உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு ஒருமுறை ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியிலே கண்ட ஐந்து காட்சிகளை எழுதிவரும்படி சொன்னேன். பெரும்பாலோர் வாகன நெரிசலையும் விளம்பரப் பலகையையும் எழுதியிருந்தார்கள். ஒரு மாணவன் மாத்திரம், 'மழை பெய்தபடியால் ஐந்துலாம்புச் சந்தியில் நாட்டாமை ஒருவர் தன் வண்டிக்குக் கீழேயே சாக்கு விரித்துப் படுத்திருந்தார். வண்டி அவருக்கு வீடாக இருந்தது' என்று எழுதியிருந்தான். அவனிடம் உவமை அணியின் இலக்கணத்தை நான் கேட்கவில்லை. மருவூர்ப்பாக்கத்தைப் பாடிய கண் எதுவோ அதுவே இவனுக்கும் வாய்த்திருக்கிறது என்று வகுப்பிலே சொன்னேன்.

இத்தகைய கண் நமக்குப் புதிதல்ல. கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டிலேயே இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசைப்படுத்தி ஆங்கிலத்திலே ஒரு நூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை. ஊர்ப்பெயரும் ஒரு செல்வம், அதனைப் பதிந்துவைக்கவேண்டும் என்ற உணர்வு நம்மவர் ஒருவருக்கு அன்றே இருந்தது. பின்னாளிலே தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தவரும் அவரே. இவ்விரண்டு வேலைகளும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவை என்றே நான் கருதுகிறேன்.

இன்று வீதிகளிலே மும்மொழிப் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. அது வரவேற்கவேண்டியது. ஆனால் அவற்றிலுள்ள தமிழைச் சற்று நின்று வாசியுங்கள். மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் இருக்க, சிங்களத்தின் அல்லது ஆங்கிலத்தின் ஒலியைத் தமிழ் எழுத்திலே ஏற்றிவைத்திருப்பதைப் பல இடங்களிலே காணலாம். அதிலும் எழுத்துப்பிழை. எழுத்து தமிழாக இருக்கிறது, பெயர் தமிழாக இல்லை. 'வாழைத்தோட்டம்' என்று ஒருவன் சொல்லும்போது, அயலவனின் மொழியிலே கெசெல் என்றால் என்ன என்பதை அவனுடைய முன்னோர் அறிந்திருந்தார்கள், அல்லது வாழை என்றால் என்ன என்பதை அயலவனின் முன்னோர் அறிந்திருந்தார்கள். யாருடையது முந்தியது என்று சண்டைபிடிப்பதிலே பயனில்லை. இருவரும் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டார்கள் என்பதே முக்கியம். வெறும் ஒலியை எழுதிவைக்கும்போது நாம் இழப்பது ஒரு சொல்லை மாத்திரமன்று. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்கிய காலத்தின் சாட்சியத்தையே இழக்கிறோம்.

ஆகவே, இளைய நேயர்களிடம் என் வேண்டுகோள் மிக எளியது. உங்கள் வீதிக்கு உங்கள் பாட்டனார் என்ன பெயர் சொன்னார் என்று கேளுங்கள். அயல்வீட்டுச் சிங்கள முதியவரிடமும் முஸ்லிம் முதியவரிடமும் அவர்கள் சொல்லும் பெயரைக் கேளுங்கள். அதன் பொருளையும் கேளுங்கள். கொப்பியிலே எழுதிவையுங்கள். நாளை ஒரு கவிதைக்கோ சிறுகதைக்கோ அது உதவலாம். உதவாவிட்டாலும், கேட்ட அந்த ஒரு மணிநேரம் நீங்கள் அயலவரோடு பேசியிருப்பீர்கள். வாழைத்தோட்டத்துக்கு இரண்டு மொழியிலும் பெயர் வந்ததும் அத்தகைய பேச்சினாலேதான்.